ருத்ராட்சப் பூனைக்கு பிரெஞ்சில் என்ன பெயர் தெரியுமா?

தார்த்தூஃப்! ஒரு நாடகப் பாத்திரத்தின் பெயர் இது. பக்தி வேடம் கட்டி ஏமாற்றுகிறவனைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகவே பிரெஞ்சு அகராதியில் ஏறிவிட்டது. கதாசிரியர் மோலியேர். அதுவும் புனைபெயர்தான். ழான் பத்தீஸ்த் பொக்லான் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர். பிறந்தது 1622இல், பாரிஸில். அப்பா அரண்மனைக்கு மெத்தை, திரைச்சீலை வேலை செய்து கொடுத்தவர். அந்த அரண்மனை உத்தியோகம் மகனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மகனோ 1643இல் நாடகக் குழு தொடங்கி, 1645இல் கடன் கட்ட முடியாமல் சிறைக்குப் போனார்! பிறகு பதின்மூன்று வருஷம் ஊர் ஊராக நாடகம். 1658இல் பாரிஸ் திரும்பி 14ஆம் லூயி முன்னால் நடித்தபோதுதான் நல்ல காலம் பிறந்தது.

அந்த ராஜா இவருடைய தலைமகனுக்கு ஞானத்தந்தையாகவே நின்றார் தெரியுமா? 1664 பிப்ரவரியில் ஞானஸ்நானம். ராஜாவுக்கு அப்படிச் செல்லப்பிள்ளையாக இருந்த மோலியேரின் 'தார்த்தூஃப்' நாடகம் அதே ஆண்டு மே 12ஆம் தேதி வெர்சாய் அரண்மனை விழாவில் அரங்கேறியது. ராஜா ரசித்தார். ரசித்த கையோடு, பொதுமக்களுக்குக் காட்டக் கூடாது என்று தடையும் போட்டார்!

நாடகம் அரங்கேறும் முன்பே அதை ஒழித்துக்கட்ட ஒரு ரகசியச் சங்கம் கூடிப் பேசியது தெரியுமா? 'திருச்சாக்கிரமென்ட் சபை' என்று பெயர். ஏழைகளுக்கு உதவியதும் உண்மை, ஊரார் ஒழுக்கத்தை வேவு பார்த்ததும் உண்மை. பெரிய பிரபுக்கள், நீதிபதிகள், குருமார்கள் எல்லாம் உறுப்பினர்கள். ராஜாவின் தாயாருக்கும் பக்திமான்கள் கூட்டத்தின் மேல்தான் சாய்வு. பியேர் ரூலே என்ற பங்குக் குரு ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மோலியேர் மனித உடல் எடுத்து வந்த பிசாசு, நெருப்பில் இட வேண்டியவர் என்று அச்சடித்தே வெளியிட்டார். அவர் நாடகத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை என்று மோலியேர் ராஜாவுக்கு எழுதிய மனுவில் குத்திக் காட்டினார்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? ஒர்கோன் என்ற பணக்காரக் குடும்பஸ்தன், கோயிலில் உருகி உருகி ஜெபித்த ஓர் ஏழையை வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்கிறான். வெளியூர் போய்த் திரும்புகிறவனிடம் வேலைக்காரி தோரின், "அம்மாவுக்குக் காய்ச்சல், தலைவலி, சாப்பாடே இறங்கவில்லை" என்று சொல்லச் சொல்ல, இவன் தார்த்தூஃபின் நலனையே விசாரிக்கிறான். அந்த மகானோ இரண்டு கவுதாரியும் அரை ஆட்டுத் தொடையும் தின்றுவிட்டு விடிய விடியத் தூங்கியவர். இவனுக்கு இரக்கம் சுரப்பது பெண்டாட்டி மேல் அல்ல, அவர் மேல்! சிரிப்பின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

ஐந்து அங்க நாடகத்தில் தார்த்தூஃப் மேடைக்கு வருவதே மூன்றாம் அங்கத்தில்தான் தெரியுமா? இரண்டு அங்கம் முழுக்க ஊரே அவனைப் பற்றிப் பேசுகிறது, ஆளைக் காணோம். வந்தவன் வேலைக்காரியைக் கண்டதும், அவள் காதில் விழும்படி, தன் முள்ளாடையையும் கசையையும் எடுத்து வைக்கச் சொல்லி ஆளுக்கு உத்தரவிடுகிறான். அடுத்த நொடி, மார்பை மூடிக்கொள் என்று அவளிடம் கைக்குட்டையை நீட்டுகிறான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்! அவன் கண் வீட்டுக்காரி எல்மீர் மேல். அவள் புருஷனை மேசைக்கடியில் ஒளித்து வைத்துத் தார்த்தூஃபைப் பேச விடுகிறாள். வெளியே தெரியாத பாவம் பாவமே அல்ல என்கிறான் அவன். எல்மீர் இருமி இருமி ஜாடை காட்டுகிறாள், மேசைக்கடியில் இருப்பவன் அசையவில்லை! ஏற்கெனவே வீட்டை அந்த ஆள் பெயருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, மகளையும் கட்டிக் கொடுப்பதாகச் சொல்லியாயிற்று.

மேசைக்கடியில் கிடந்த அந்த ஒர்கோன் வேடம் யாருக்கு? மோலியேருக்கே! தார்த்தூஃபாக வந்தது துக்ருவாசி என்ற நடிகர். ஒர்கோனின் அம்மாவாகிய கிழவி வேடத்தில் ஓர் ஆண், லூயி பெஜார்.

தடைக்காலத்தில் நாடகம் செத்துவிட்டதா? பிரபுக்களின் வீட்டுக் கூடங்களில் மோலியேர் வாசித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். 1667 ஆகஸ்ட் 5ஆம் தேதி தலைப்பை 'வேஷதாரி' என்றும் நாயகன் பெயரை பனுல்ஃப் என்றும் மாற்றி, இடுப்பில் வாளும் சட்டையில் சரிகைப் பின்னலும் மாட்டிவிட்டு மேடையேற்றினார். ஒரே காட்சி! மறுநாளே பாரிஸ் நீதிமன்றத் தலைவர் லாமுவாஞோன் தடுத்துவிட்டார். அவரும் அந்த ரகசியச் சங்கத்து ஆள்தான். ராஜா அப்போது லீல் நகர முற்றுகையில். மனுவோடு இரண்டு நடிகர்கள் போர்க்களத்துக்கே ஓடினார்கள். அதற்குள் பாரிஸ் பேராயர், இந்த நாடகத்தை நடித்தாலும் படித்தாலும் கேட்டாலும் திருச்சபையிலிருந்து விலக்கு என்று அறிவித்துவிட்டார்.

கடைசியில் 1669 பிப்ரவரி 5ஆம் தேதி அனுமதி. முதல் நாள் வசூல் 2,860 லிவர். ஒழிக்க நினைத்தவர்கள் ஐந்து வருஷம் இலவச விளம்பரம் செய்து கொடுத்திருந்தார்கள்!

அச்சான நாடகத்தின் முன்னுரையில் மோலியேர் சொல்லும் ஒரு கதை தெரியுமா? அவர் நாடகம் தடையான எட்டாம் நாள், துறவியைக் கேலி செய்யும் 'ஸ்கரமூஷ்' நாடகம் அரண்மனையில் நடந்தது. யாரும் மூச்சு விடவில்லை. ஏன் என்று ராஜா கேட்டாராம். அது கடவுளைத்தான் கேலி செய்கிறது, அதைப் பற்றி இவர்களுக்குக் கவலையில்லை; மோலியேர் இவர்களையே கேலி செய்கிறார் என்று பக்கத்திலிருந்த பிரபு பதில் சொன்னாராம்.

1673 பிப்ரவரி 17. இல்லாத நோய்களுக்கு மருந்து குடிக்கும் ஒருவனாக நடித்துக்கொண்டிருந்த மோலியேருக்கு மேடையிலேயே வலிப்பு வந்தது. நிஜ நோயாளி! எப்படியோ நாடகத்தை முடித்தார், அன்றிரவே வீட்டில் உயிர் பிரிந்தது. அன்று உட்கார்ந்த நாற்காலி இன்னும் பாரிஸில் 'கொமெதி ஃபிரான்சேஸ்' அரங்கில் இருக்கிறது. கடைசி நேரத்தில் அழைத்தும் இரண்டு குருக்கள் வர மறுத்தார்கள். மூன்றாமவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது. அந்தக் காலத்தில் நடிகனுக்குத் திருச்சபையின் அடக்கம் கிடையாது. மனைவி அர்மாந்த் ராஜாவிடம் போய் முறையிட்ட பிறகே, இருட்டிய பின், ஆடம்பரமில்லாமல், இரண்டே குருமாரோடு புதைக்கலாம் என்று அப்போதைய பேராயர் ஆர்லே இறங்கி வந்தார். பிப்ரவரி 21 இரவு தீவட்டி வெளிச்சத்தில் அடக்கம் நடந்தது. அந்தப் பேராயர் ஆர்லே, பெண் விவகாரங்களுக்குப் பாரிஸ் முழுக்கப் பெயர்போனவர்.