எதிர்பாரா மறுதொடக்கமும் உயிர்காக்கும் கருவிகளும்

நோயாளியின் குருதி நாளத்துள் மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் கருவியொன்றை எண்ணிப் பார்ப்போம். அதன் மோட்டாரை ஆள்வது விரல் நுனியளவேயான மைக்ரோகண்ட்ரோலர் எனும் நுண்கட்டுப்படுத்தி. மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலும் போதும். அச்சில்லு செய்துகொண்டிருந்த பணியை விடுத்து முதலிலிருந்து தொடங்கிவிடும். இதனை ‘ரீசெட்’ என்பர். அக்கணத்தில் மோட்டாரின் நிலை யாது? ஓர் உயிர் இவ்வினாவைப் பற்றி நிற்கிறது.

மின்னழுத்தத் தாழ்வேயன்றி ‘வாட்ச்டாக்’ எனும் காவற் கடிகையாலும் மறுதொடக்கம் நேரும். மென்பொருள் குறித்த காலத்துள் தன் நலத்தை அறிவிக்கத் தவறின், இக்கடிகை சில்லை மீண்டும் தொடங்கச் செய்யும்.

சான்றாக ஏடிமெகா 328பி எனும் சில்லைக் கொள்வோம். மறுதொடக்கத்தின்போது அதன் புற அலகுகளின் பதிவகங்கள் தொடக்க மதிப்புகளுக்குத் திரும்புகின்றன. கால அளவிகள் நிற்கின்றன. வெளியீட்டு முனைகள் உள்ளீட்டு முனைகளாகி எப்பக்கமும் சாராது மிதக்கின்றன. மிதக்கும் முனையை மோட்டாரின் இயக்கி ‘ஓடு’ எனவும் கொள்ளலாம், ‘நில்’ எனவும் கொள்ளலாம். ஆதலின் அம்முனையைத் தாழ்நிலையில் நிறுத்தும் மின்தடை ஒன்று இன்றியமையாதது. மென்பொருள் செயலற்ற கணத்தில் வன்பொருளே காவல்.

சில்லுக்கு வெளியேயுள்ள கருவிகளோ இம்மாற்றத்தை அறியா. ஐ2சி எனும் இருகம்பி இணைப்பில் உணர்கருவி விடை பகர்ந்துகொண்டிருக்கையில் சில்லு மறுதொடங்கினால், அக்கருவி தரவுக் கம்பியைத் தாழ்த்திப் பிடித்தவாறே காத்திருத்தல் கூடும். ஒன்பது கடிகைத் துடிப்புகளை அனுப்பி அதனை விடுவிப்பது வழக்கம்.

மற்றுமோர் இடர் உண்டு. காவற் கடிகையால் மறுதொடங்கிய பின்னும் அக்கடிகை அணைவதில்லை. ஏறத்தாழ 16 மில்லி நொடி எனும் மிகக் குறுகிய தவணையில் ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கப் பணிகள் அதற்குள் முடியாவிடின் மறுதொடக்கம் முடிவின்றித் தொடரும். எனவே மென்பொருள் முதற்கண் மறுதொடக்கக் காரணத்தைக் காட்டும் பதிவகத்தைப் படித்துச் சேமித்து, அதிலுள்ள குறிகளை அழித்து, கடிகையைத் தக்க தவணைக்கு அமைத்தல் வேண்டும்.

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்குகையில் அதன் கணிப்பொறி பணிச்சுமை மிகுந்து பன்முறை மறுதொடங்கியது. எனினும் இன்றியமையாப் பணிகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடருமாறு மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தமையால் கலம் நலமே இறங்கிற்று.

நம் மருந்துக் கருவிக்கு வருவோம். மறுதொடங்கியதும் அது மோட்டாரைத் தானே ஓட்டுதல் தகாது. முன்னர் எத்துணை மருந்து சென்றது என்பதை அது அறியாதிருக்கலாம். வாளா நின்றுவிடுதலும் தகாது. சில மருந்துகள் தடைப்படுவதே உயிருக்கு ஊறாகும். உடனே எச்சரிக்கை ஒலி எழுப்பிச் செவிலியரை அழைத்தலே நெறி. ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி மனிதர்க்கு மட்டுமன்றி, நாம் படைக்கும் பொறிகளுக்கும் பொருந்துவதாம்.