வாவியை ஆராயப் புறப்படும் பட்டதாரிகள்

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற சர்ச்சை மாரிகாலங்களில் எழுவதுண்டு. வடகீழ்ப் பருவமழையால் நீர் பெருகிப் படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது, மணல்திட்டை வெட்டிவிடுமாறு விவசாயிகள் கோருவர். நீர் அளவுக்கு மீறி வெளியேறினால் மீனும் இறாலும் குன்றிவிடும் என மீனவர்கள் அஞ்சுவர். வயலும் வலையும் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாருக்கும் உரியவை. எனவே இதற்கான விடை ஊகமாக இருத்தலாகாது. அளந்து கூறுவதற்கு ஈரநிலச் சூழலியல் கற்றவர்கள் தேவை.

அதற்கான பாதை உயர்தர உயிரியல் பிரிவில் தொடங்குகின்றது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இல் தரமுயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் உள்ளது. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை. தாவரவியலிலோ விலங்கியலிலோ பட்டம் பெற்றபின், பேராதனை போன்ற இடங்களில் பட்டமேற்படிப்பைத் தொடரலாம்.

உண்மையான கல்வி தோணியில்தான் ஆரம்பமாகின்றது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் நீர் எங்கும் ஒரே தன்மையதன்று. கடல்நீரில் ஆயிரத்தில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. முகத்துவாரம் திறந்திருக்கையில் அதனருகே உவர்ப்பு ஏறும். மாரியில் ஆற்றுநீர் பெருகியதும் இறங்கும். ஆகவே ஒருநாள் எடுத்த மாதிரி எதையும் நிறுவாது. மாரியையும் கோடையையும் உள்ளடக்கிய ஓராண்டேனும் அளக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பது நீரின் தெளிவை அறியும் பழைய முறை. செலவு சொற்பம், பொறுமைதான் அதிகம் வேண்டும்.

போர்க்காலத்தில் வாவியின் பல பகுதிகளுக்கு ஆய்வாளர்கள் செல்ல இயலவில்லை. எனவே பழைய அளவீடுகளோடு ஒப்பிட முனையும் மாணவர், முதிய மீனவர்களின் நினைவையே நாட வேண்டியிருக்கும். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு மீன்களின் உள்ளூர்ப் பெயர்கள் தெரியாதிருப்பது பெருங்குறை.

இவ்வறிவு இல்லாமையின் விலையை 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாடு கண்டது. கரையோரங்களில் ஆர்வத்துடன் கண்டல் கன்றுகள் நடப்பட்டன. இலங்கையில் அவ்வாறு நடப்பட்ட 23 இடங்களைப் பரிசோதித்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்றே இடங்களில்தான். மண்ணின் உயரத்தையும் நீர் தேங்கும் காலத்தையும் உவர்ப்பையும் முன்கூட்டியே அளந்திருந்தால், அப்பணத்திலும் உழைப்பிலும் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.