உம்மாவை உட்கார வைக்காதீர்கள்!



வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில், பூவரசங்குளத்தில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வருடமாக விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்த உம்மாவுக்கு நாட்பட்ட நுரையீரல் நோய். கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மூச்சு முட்டுகிறது. "நீங்க இருங்க உம்மா, நாங்க செய்யுறோம்" என்கிறீர்கள். பாசத்தால் சொல்வதுதான். ஆனால் அந்தப் பாசமே அவரைப் படுக்கையில் தள்ளிவிடக் கூடும்!

ஏன் தெரியுமா? மூச்சு முட்டுமென்று பயந்து நடக்காமலிருந்தால் கால் தசைகள் மெலிந்து போகும். மெலிந்த தசை சீக்கிரம் களைத்து, சிறு வேலைக்கும் அதிகம் மூச்சு வாங்க வைக்கும். பயம் இன்னும் கூடும். நுரையீரலில் ஏற்பட்ட பழுதை உடற்பயிற்சி மாற்றாது. ஆனால் கால்களைப் பலப்படுத்தி மூச்சு முட்டுவதைக் குறைக்கும். நியூயோர்க் வைத்தியர் அல்வன் பராக் 1952லேயே இத்தகைய நோயாளிகளுக்கு நடைப் பயிற்சியைப் பரிந்துரைத்தார்.

அப்படியானால் எல்லோரும் ஒரே அளவு நடக்கலாமா? கூடாது. மருந்தைப் போலவே நடைக்கும் ஆளுக்கு ஆள் அளவு உண்டு.

முதலில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுத் தூரத்தை அளப்பார்கள். உம்மா 180 மீற்றர் நடந்தால், நிமிடத்துக்கு 30 மீற்றர். அதில் 80 வீதமான 24 மீற்றர் வேகத்தில் பயிற்சியைத் தொடங்கலாம். 360 மீற்றர் நடக்கும் அயல்வீட்டு மாமாவுக்கு அது 48 மீற்றர். ஒரே வருத்தம், ஒரே குளக்கட்டு. வேகமோ இரண்டு மடங்கு!

தொடர்ந்து நடக்க இயலாதவர் ஒரு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் ஆறட்டும். மூச்சு முட்டுவதற்குப் பத்துக்குப் புள்ளி கேட்டால் மூன்று, நான்கு என்று சொல்லுமளவு போதும். சிறிது சிறிதாக 20 முதல் 30 நிமிடம் வரை கூட்டலாம். கதிரையிலிருந்து எழும்பி இருப்பதும் கால்களுக்கு நல்ல பயிற்சி. மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் அணையாமல் அசையுமளவு மெதுவாக விடப் பழக்குங்கள். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். நெஞ்சு நோவு, தலைச்சுற்று, உதடு நீலமாதல் கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்லுங்கள். அடுப்படிப் புகையையும் குறையுங்கள்.

மாவட்டத்தின் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு உம்மாவை முதலில் அழைத்துச் செல்லுங்கள். இதயத்தையும் மூச்சையும் சோதித்து, அவருக்கு ஏற்ற அளவைக் கேட்டு வாருங்கள். பிறகு, "இருங்க உம்மா" என்பதை விட்டு, "வாங்க உம்மா, மெல்ல நடப்போம்" என்று கை கொடுங்கள்.