வரிசை நீண்டால் காத்திருப்பது யார்?

கணினியில் பாடல் ஒலிக்கிறது, கடிதம் தட்டச்சாகிறது, இணையப் பக்கமும் திறக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதாகவே பயனீட்டாளருக்குத் தோன்றும். உண்மையில் ஒரே ஒரு நுண்செயலி இருந்தால், அது ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே இயக்கும். சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை ஆள் மாறுவதால்தான் அந்தத் தோற்றம். அடுத்த வாய்ப்பு யாருக்கு என்பதை இயங்குதளம் முடிவு செய்கிறது.

நிரல்கள் பத்து என்றால் சிக்கல் இல்லை. ஆயிரமானால்? லினக்ஸ் இயங்குதளத்தின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். 2001இல் வெளிவந்த அதன் 2.4 பதிப்பு, ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நிரல்கள் அனைத்தையும் சோதித்த பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. முகப்புப் பணியாளர் வரிசையில் நிற்கும் எல்லாருடைய எண் சீட்டையும் பார்த்துவிட்டு ஒருவரை அழைப்பது போன்றது இது. கூட்டம் பெருகப் பெருக, ஆள் தேடுவதிலேயே நேரம் கரைந்தது.

2003 டிசம்பரில் அறிமுகம் கண்ட 2.6 பதிப்பில், ஹங்கேரியைச் சேர்ந்த இங்கோ மோல்னார் இதற்குத் தீர்வு கண்டார். ஒவ்வொரு நுண்செயலிக்கும் தனி வரிசை. அதில் 140 முன்னுரிமைப் படிகள். எந்தப் படியில் ஆள் உண்டு என்பதற்கு ஒரு குறிப்பு அட்டவணை. நிரல்கள் பத்தானாலும் பத்தாயிரமானாலும் தேர்வுக்கு ஆகும் நேரம் ஒன்றே.

வேகம் கிடைத்தது. நியாயம்? பயனீட்டாளர் நேரடியாகப் பயன்படுத்தும் நிரல் எது என்பதை அம்முறை ஊகித்தே முன்னுரிமை தந்தது. ஊகம் தவறினால் பாடல் திக்கும், திரை தாமதிக்கும். ஊகம் வேண்டாம், சமபங்கு போதும் என்று வாதிட்டார் ஆஸ்திரேலிய மருத்துவர் கான் கோலிவாஸ். 2007இல் அவரது நிரல் ஏற்கப்படவில்லை. ஆனால் சமபங்குக் கருத்து ஏற்கப்பட்டது. அதைத் தழுவி மோல்னார் எழுதிய புதிய முறையே லினக்ஸில் இடம்பெற்றது. கோலிவாஸ் அவ்வாண்டே அப்பணியிலிருந்து விலகினார்.

புதிய முறையில், இதுவரை குறைவான நேரம் பெற்ற நிரலுக்கே அடுத்த வாய்ப்பு. நிரல்கள் மர வடிவில் அடுக்கப்படுவதால், ஆயிரம் நிரல்களிடையே ஒன்றுக்கு இடம் தேட ஏறத்தாழ 10 ஒப்பீடுகள் போதும். பத்து லட்சமானாலும் 20தான். 2023இல் வந்த 6.6 பதிப்பு, யாருக்கு அவசரம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

தேர்வை விரைவாக்கலாம், நேரத்தைப் பெருக்க முடியாது. ஆளுக்கு 1 மில்லி விநாடி என்றாலும், ஆயிரம் நிரல்கள் ஒரே நுண்செயலிக்குக் காத்திருந்தால் அடுத்த முறை வர ஒரு விநாடி ஆகும். ஆகவே வரிசையை ஒழிப்பதல்ல, காத்திருப்பை நியாயமாகப் பங்கிடுவதே நல்ல இயங்குதளத்தின் கடமை.