பழைய குடும்ப வண்டியும் பழுதுச் செலவும்

தோட்டத்தில் வாழும் குடும்பத்திற்குச் சொந்த வண்டி என்பது ஆடம்பரம் அன்று. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், திருவிழா நாளில் உற்றார் வீட்டிற்குச் செல்லவும் அது துணையாகிறது. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எனக் குடும்பமே ஒன்றாக ஏறத்தக்க வேகன் வண்டியைப் பலரும் நாடுவதன் காரணம் இதுவே. புதிய வண்டி எட்டாத உயரத்தில் இருக்கும்போது, மலிவான பழைய வண்டி மனத்தைக் கவர்கிறது. ஆனால், கொடுத்த விலை முதற்செலவு மட்டுமே என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டில் 1998 முதல் 2005 வரை விற்பனையான தொயோத்தா அன்சர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1,781 சி.சி. இயந்திரமும் பின்சக்கர இயக்கமும் கொண்ட அவ்வண்டி, எளிய அமைப்புடையது. அதனால் பல ஆண்டுகள் உழைத்தது. எனினும் அவற்றுள் கடைசியாக வந்ததும் இன்று இருபது வயதைக் கடந்துவிட்டது. நன்கு செய்யப்பட்ட வண்டிக்கும் முதுமை உண்டு.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது குளிர்விக்கும் அமைப்பு. ரேடியேட்டர், நீர்ப்பம்பு, ரப்பர்க் குழாய்கள் ஆகியவை இயந்திரத்தின் வெப்பத்தைத் தணிக்கின்றன. ரப்பர் முதிர்ந்தால் இறுகி வெடிக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெடித்த குழாயின் வழியே நீர் ஒழுகிவிட்டால் இயந்திரம் கொதிக்கிறது. சிலிண்டர் தலை வளைகிறது. அதன் அடியிலுள்ள கேஸ்கட் கெடுகிறது. சில பத்து வெள்ளியில் மாற்றியிருக்க வேண்டிய குழாய், ஆயிரம் வெள்ளிக்கு மேற்பட்ட செலவாக வளர்வது இவ்வாறே. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த தேநீர் போன்ற கசடு படிந்திருந்தாலும், இயந்திரம் சூடேறிய பின்னரும் வெண்புகை ஓயாது வந்தாலும், நீர் எண்ணெயோடு அல்லது எரிபொருளோடு கலக்கிறது என ஐயுற வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. பீறிடும் நீராவி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

இரண்டாவது, இயந்திரத்தின் உள்ளியக்கத்தை ஒழுங்கு செய்யும் டைமிங் பெல்ட் அல்லது செயின். அன்சரில் இருப்பது செயின்; புரோட்டோன் எக்சோராவில் இருப்பது பெல்ட். பெல்ட்டைக் குறித்த கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் வண்டி நின்றுவிடும். பல இயந்திரங்களில் வால்வுகளும் வளைந்துவிடும். செயினுக்கு ஆயுள் அதிகம். ஆனால், எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் அதுவும் தேய்ந்து, காலையில் இயந்திரத்தை முடுக்கும்போது கலகலவென ஒலிக்கும்.

மூன்றாவது, தானியங்கி கியர்ப்பெட்டி. கியரை மாற்றிய பின் வண்டி நகரத் தயங்கினாலும், ‘தடால்’ என அதிர்ந்தாலும், கியர் எண்ணெய் கருத்துத் தீய்ந்த வாடை வீசினாலும், அவ்வண்டியை விட்டு விலகுவதே நன்று. அதைச் செப்பனிட ஆயிரக்கணக்கில் செலவாகும்.

நான்காவது, அடிப்பாகம். தோட்டத்துச் செம்மண் சாலையின் குழிகளில் ஓடி ஓடி, அதிர்வுதாங்கிகளும் புஷ்களும் இணைப்பு மூட்டுகளும் தேய்கின்றன. பின்சக்கர வண்டியாயின், நகரத் தொடங்கும் கணத்தில் அடியில் ‘டக்’ என்னும் ஒலி கேட்டால் சுழல்தண்டின் மூட்டைப் பார்க்கச் செய்ய வேண்டும். ஒட்டிய சேறு ஈரத்தைத் தேக்கித் துருவை வளர்க்கும். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தைக் கழுவுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. இருக்கைக்கு மேற்பட்டோரை ஏற்றுவது பிரேக்கையும் சக்கரங்களையும் வருத்தும், உயிருக்கும் ஆபத்தாகும். பின்னிருக்கையினரும் இடைவார் அணிவது 2009 முதல் கட்டாயம்.

இனி, செலவுக் கணக்கு. ஒருவரிடம் 10,000 வெள்ளி சேமிப்பு இருப்பதாகக் கொள்வோம். முழுத் தொகைக்கும் வண்டி வாங்கினால், அடுத்த மாதமே 2,000 வெள்ளிப் பழுது வரும்போது அவர் வட்டிக்காரரின் வாசலில் நிற்க நேரிடும். 7,500 வெள்ளிக்குள் வாங்கி எஞ்சியதைப் பழுதுக்கென ஒதுக்கினால், குடும்பம் நிலைகுலையாது.

வாங்குமுன், இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருடன் சென்று பாருங்கள். விற்பவர் முன்னதாகவே இயந்திரத்தைச் சூடாக்கி வைத்திருந்தால், மறைக்க ஏதோ உண்டு என ஐயுறலாம். நிலுவைக் கடனும் அபராதமும் உண்டா என விசாரியுங்கள். உரிமை மாற்றத்திற்கெனச் செய்யப்படும் பரிசோதனை, இயந்திரத்தின் உட்புறத்திற்கு உத்தரவாதம் அன்று என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பட்டறையில் வேலை தொடங்குமுன், பொருள் விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வணிகரோ பட்டறையோ ஏமாற்றினால், 50,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையைப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் பதிவு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. அங்கு உங்களுக்காகப் பேசப்போவது அந்த ரசீதே.

உளியை நாள்தோறும் தீட்டுபவர் பட்டையைக் காயப்படுத்துவதில்லை. மரமும் அவருக்கு நெடுங்காலம் பால் தருகிறது. வண்டியும் அத்தகையதே. வாரந்தோறும் நீரையும் எண்ணெயையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மறவாத வீட்டில், நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்போது, வண்டி முதல் முடுக்கிலேயே புறப்படும்.