கதவை அடைக்கும் சான்று

பெங்களூரு பிரேசர் டவுனில் பழைய வீடொன்றை விலைபேசச் செல்வோர் கேட்கக்கூடிய வாக்கு ஒன்றுண்டு: “காத்தா இருக்கிறது, வேறென்ன சான்று வேண்டும்?” வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் அவ்வீட்டில் இடுமுன், இதற்கு விடை அறிதல் நன்று. ‘கன்க்ளூசிவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் அதற்கு உதவும்.

‘அடைத்து மூடுதல்’ எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் ‘முடிவான’ என்கிறோம். பேச்சு வழக்கில் வலுவான சான்று எதனையும் அவ்வாறு குறிப்பதுண்டு. சட்டமோ அச்சொல்லை மிக அரிதாகவே வழங்குகிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் மூன்று படிகளை வகுத்தது. முதற்படியில், நீதிமன்றம் ஒன்றை மெய்யெனக் கருதலாம். இரண்டாவதில், பொய்யென மெய்ப்பிக்கப்படும்வரை அவ்வாறு கருதியே ஆகவேண்டும். மூன்றாவதே முடிவான சான்று. அதை மறுக்கச் சான்றளிக்க இடமே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் இப்பகுப்பைப் பின்பற்றுகிறது.

பணமின்றித் திரும்பிய காசோலை இரண்டாம் படிக்கு எடுத்துக்காட்டு. அது கடனைத் தீர்க்கவே தரப்பட்டது என நீதிமன்றம் கருதும். அன்று என மெய்ப்பிக்கும் வாய்ப்பு, கொடுத்தவருக்கு உண்டு.

காத்தா என்பது சொத்துவரிக்காக நகர நிர்வாகம் பேணும் கணக்கு. வரி செலுத்த வேண்டியவர் யார் என்பதை அது காட்டும், உரிமையை உண்டாக்காது. தமிழகத்துப் பட்டாவும் தனித்து நின்று உரிமையை முடிவாக நிலைநாட்டுவதில்லை. வில்லங்கச் சான்றிதழ், தேடிய காலத்துப் பதிவான பரிமாற்றங்களை மட்டுமே சொல்லும். விற்றவருக்கே உரிமை இல்லையெனில், பதிவு செய்த கிரயப் பத்திரமும் அதனை வாங்குபவருக்குத் தந்துவிடாது.

தெற்கு ஆஸ்திரேலியா 1858இல் வேறு வழி கண்டது. அங்கே அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே, மோசடி போன்ற சில விலக்குகள் நீங்கலாக, உரிமைக்கு முடிவான சான்று. நம் நாட்டிலோ பதிவாவது பத்திரமே. உரிமைக்கு அரசு உறுதி தருவதில்லை.

ஆகவே, மூலப் பத்திரம் முதல் இன்றைய ஆவணம்வரை தொடர்ச்சியாக வங்கி கேட்பதை வீண் அலைச்சல் என எண்ண வேண்டா. ஓர் ஆவணம் அடைக்காத கதவைப் பல ஆவணங்கள் சேர்ந்தே காக்கின்றன. “இதுவே முடிவான சான்று” என எவரேனும் கூறினால், “எந்தச் சட்டப்படி?” எனக் கேட்டபின் முன்பணம் கொடுங்கள்.