இடுப்பு ஆபரேஷனும் ஜீவாமிர்த டிரம்மும்

ஜீவாமிர்தக் குடத்தோடு திரும்பும்போது இடுப்பில் 'சுருக்'கென்றது. வலி இடது கால் வரைக்கும் இறங்கியது. எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது ஸ்கேனில் தெரிந்தது. "ஆறு வாரம் பார்ப்போம், பெரும்பாலும் தானாவே அடங்கிடும்" என்றார் டாக்டர். என் மச்சானுக்கு அப்படித்தான் அடங்கியது. எனக்கு அடங்கலை. ஏழாவது வாரம் கால் கட்டைவிரலைத் தூக்க முடியலை, நடக்கும்போதே செருப்பு கழன்றது. "இயற்கை விவசாயிக்குக் கத்தியா?" என்று கேட்டவர்களும் உண்டு. வலி மட்டும் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். கால் பலம் குறைந்தால் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ எண்ணெய் தடவிக்கிட்டு இருக்காதீங்க, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

ஆபரேஷனுக்கு மறுநாளே நடக்க வைத்தார்கள். ஆனால் குனிய, பாரம் தூக்க, இடுப்பைத் திருப்ப ஆறு வாரம் தடை. அதற்குள் தோட்டத்தில் களை மண்டிவிட்டது. மூடாக்கு போட்ட பாத்திகள்தான் தப்பின.

கால் வலி போய்விட்டது. விரலில் மரமரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கு. இப்போ 200 லிட்டர் டிரம்மை வாய்க்கால் தலைப்பிலேயே வைத்து, வடிகட்டி, அடிக்குழாய் வழியாகப் பாசனத் தண்ணீரில் கலந்து விடுகிறேன். மண்வெட்டிக்கு நீளக் காம்பு போட்டாச்சு. சாணக் கூடை தூக்க மட்டும் மகனைக் கூப்பிடணும். அதுக்குத்தான் இன்னும் கூச்சமா இருக்கு.